நூலா, பசையா? பவளத் துண்டைப் பாறையில் நிறுத்தும் சிக்கலில் நாகல் நகர்த் தரப்பு

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களை இரண்டு சமயங்களாகப் பிரிக்கலாம்: பசைச் சமயம், நூல் சமயம். சுண்டுவிரல் நீளமுள்ள பவளத் துண்டு ஒன்றைப் பாறைமேல் நிறுத்த முயலும் எவரும் முதல் வாரத்திலேயே இவற்றில் ஒன்றில் சேர்ந்துவிடுகிறார். சேர்ந்த பிறகு மற்றதன் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. சிக்கல் என்னவோ சின்னதுதான். ஒடித்தெடுத்த துண்டு விழாமல் நிற்க வேண்டும். ஆனால் அது விழுகிறது. அலை எழுப்பும் மோட்டார் தள்ளுகிறது, நத்தை முட்டுகிறது, துறவி நண்டு ஏறி இறங்கிப் புரட்டுகிறது. விடிந்து விளக்கைப் போட்டால் துண்டு மணலில் குப்புறக் கிடக்கிறது, மணல் பட்ட பக்கம் வெளுத்துப் போயிருக்கிறது. இதற்குப் பசையே மருந்து என்கிறது உலகம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. இதற்கு நூலே தக்கது. நூல் என்று வந்துவிட்டால் திண்டுக்கல் நாகல் நகரின் கருத்தைக் கேட்காமல் தீர்ப்பெழுதுவது முறையாகாது. இவ்விரண்டையும் நிறுவுவதே இங்கே நோக்கம்.

முதல் ஆட்சேபம் இட உரிமை பற்றியது. திண்டுக்கல் நேர்க்கோட்டில் அளந்தாலும் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. குடிதண்ணீருக்கே ஆத்தூர் காமராசர் அணையை அண்ணாந்து பார்க்கும் ஊருக்குக் கடல்தண்ணீரில் என்ன பேச்சு என்று கேட்கலாம். கேட்பவர், வீட்டுத் தொட்டிக்குள் இருக்கும் கடல் எங்கிருந்து வருகிறது என்பதை யோசிக்கவில்லை. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் வாங்கிப்போனாலும் சரி, கடற்கரையை ஒட்டியே வீடு இருந்தாலும் சரி, பெரும்பாலான தொட்டிக்காரர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் பொட்டல உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்துத்தான் கடல் செய்கிறார்கள். பொட்டலத்திலிருந்து வரும் கடலுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. மேலும் குஜிலியம்பாறைப் பக்கம் கரிக்காலியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், பவளம் தனக்குக் கட்டிக்கொள்ளும் எலும்பும் வேதியியலில் ஒரே பண்டம், கால்சியம் கார்பனேட். ஆக, மாவட்டத்துக்கு மூலப்பொருள் உறவும் உண்டு. (திண்டுக்கல் என்றதும் பூட்டை இழுத்து, ‘பவளத்தைப் பாறையில் பூட்டுதல்’ என்று தலைப்பு வைக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். அது சோம்பேறி ஆய்வு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கு அதன் பெருமை இருக்கட்டும். இங்கே வழக்கு நூலைப் பற்றியது.) நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்ட பகுதி. மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவண்ணமான சுங்குடியில், துணியைக் கிள்ளிப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். மதுரைச் சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் சின்னாளபட்டியும் சுங்குடிக்குப் பேர் வாங்கிய ஊர். இன்று விற்பதில் பெரும்பாலானவை அச்சுச் சுங்குடி என்பது வேறு சங்கதி. சாயம் உள்ளே இறங்காத அளவுக்கு இறுகவும் வேண்டும், துணி கிழியாத அளவுக்கு இளகவும் வேண்டும் என்ற முடிச்சுக் கலையை இவ்வளவு காலம் பயின்ற சமூகத்தின் கருத்து, பின்னால் பார்க்கப்போவதுபோல, பவளத்துக்கு நேரடியாகப் பொருந்துவது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது: நாகல் நகரில் ஆய்வுப் பொருளே கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கருப்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. புலி இருக்கும் அட்டவணை அது. நம் கடலிலிருந்து சுண்டுவிரல் நீளக் கல்பவளத்தை ஒடித்து வந்து வரவேற்பறைத் தொட்டியில் ஒட்டுகிறவர், சட்டத்தின் கண்ணில் வரவேற்பறையில் புலி கட்டியவருக்குப் பக்கத்து வரிசையில்தான் உட்கார வேண்டும். அப்படியானால் இந்த ஆய்வு எதற்கு? தமிழாய்வு மரபறிந்தவர் இதைக் கேட்கமாட்டார். முதற்சங்கத்து நூல் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் முதற்சங்கத்தைப் பற்றி எத்தனை கருத்தரங்குகள் நடந்திருக்கின்றன, குமரிக்கண்டத்துக்கு எத்தனை வரைபடங்கள் வரையப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், பொருள் கைவசம் இல்லாமை ஆய்வுக்குத் தடையாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது புலப்படும். சட்டம் பெயர் சொல்லாத மெல்லுடல் இனங்கள் சில தொட்டிகளில் வளர்வதும் உண்டு. வாங்க நினைப்பவர் முதலில் வனத்துறையில் விசாரித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. கல்பவளத்தைப் பொறுத்தவரை வழக்கு கடலிலேயே நடக்கட்டும், தீர்ப்பு மட்டும் தொட்டிக்கு வரட்டும்.

இனிப் பசைச் சமயத்தின் வரலாற்றுக்கு வருவோம். அதன் மூல மூர்த்தி சயனோஅக்ரிலேட். 1942-இல் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர் குழுவினரின் கையில் அது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் சனியன் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1951-இல் அதே ஒட்டுதல் ஒரு வரம் என்று தெரிந்தது. 1958-இல் ஈஸ்ட்மன் கோடக் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஃபெவிக்விக் இந்த வம்சம்தான். அந்தப் பசைக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டில் முதலில் நிறுவியது விஞ்ஞானம் அல்ல, விளம்பரம்: ஒருவர் நாகரிகத் தூண்டிலோடு தேவுடு காத்திருக்க, பக்கத்திலே ஒரு நாட்டுப்புறத்தார் குச்சியில் நாலு சொட்டு விட்டுத் தண்ணீரில் முக்கி மீன்களோடு எடுப்பார். நாடே சிரித்தது, பசைச் சமயத்தார் மட்டும் அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொண்டார்கள் போலும். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சயனோஅக்ரிலேட் காய்வதில்லை, ஈரத்தைத் தொட்டதும் இறுகுகிறது. ஆகவே தண்ணீர் அதற்குப் பகையன்று, சம்மதம் தெரிவிக்கும் சாட்சி. ஆனால் இந்தச் சிறப்பே அதன் குறையும் ஆகிறது. தண்ணீருக்குள் கொண்டுபோன கணத்தில் பசையின் மேல்பக்கம் பால் ஆடை கட்டினாற்போல இறுகிவிடும். அந்த ஆடையைப் பாறைமேல் வைத்து அழுத்தி, நசுக்கிக் கிழித்து, உள்ளேயிருக்கும் ஈரப்பசை வெளியே வந்தால்தான் பிடிக்கும். தண்ணீர்போல் ஓடும் பசை இதற்கு ஆகாது, கூழ்ப்பசைதான் வேண்டும் என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். பாறையின் மேல் பாசி வழவழப்பு இருந்தால் பசை பாசியைப் பிடித்துக்கொள்ளும், பாறையைப் பிடிக்காது. இரண்டு உருண்டைகளைப் பிசைந்து சேர்க்கும் எபாக்ஸி மக்கு என்றொரு உட்பிரிவு உண்டு. அது தண்ணீரைக் கலக்கி, கழிவு வடிக்கும் ஸ்கிம்மரைப் பாலைப் பொங்கவிட்டதுபோல் நுரை தள்ள வைக்கும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பசைச் சமயத்தின் உண்மையான பிழை வேதியியலில் இல்லை, தத்துவத்தில் இருக்கிறது. துண்டைப் பிடித்து வைத்திருப்பது பசை என்று அவர்கள் நம்புகிறார்கள். வைணவ ஆசாரியர்கள் இந்தப் பிரச்சினையை நெடுநாள் முன்பே தெளிவாக வகுத்துவிட்டார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே கவ்விக்கொள்கிறது என்பது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா இருக்க, தாய்ப்பூனையே வாயில் கவ்விச் செல்கிறது என்பது மார்ஜார நியாயம். முதலாவது வடகலைக்கும் இரண்டாவது தென்கலைக்கும் உரியவை என்பார்கள். பசைக்காரர் பவளத்தைப் பூனைக்குட்டி என்று நினைக்கிறார். ஆனால் உயிரியல் சொல்வது வேறு. பவளத் துண்டு ஒரு குச்சி அல்ல; அதன் மேல்தோல் முழுக்க நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன. துண்டு சில வாரம் உரசலின்றி ஒரே இடத்தில் இருந்துவிட்டால், அடித்தோல் பாறையின் மேல் மெல்லப் படரும். படர்ந்த தோல் அங்கேயே கால்சியம் கார்பனேட்டை இறக்கும். அதன் பிறகு துண்டை எடுக்க உளிதான் வேண்டும். கடைசியில் பிடித்திருப்பது பவளமே பாறையில் ஊற்றிய கல். பசை அந்தக் கல்லுக்கு அடியில் எங்கோ புதைந்து, மறக்கப்பட்டுக் கிடக்கிறது. திருவாளர் பவளம் வடகலை என்பது இதனால் பெறப்படும். அப்படியானால் மனிதன் செய்யவேண்டியது குரங்குக்குட்டி கை நீட்டிப் பிடிக்கும் வரை விழாமல் தாங்கிக்கொள்வது ஒன்றே. சில வாரத் தாங்குதலுக்குச் சாசுவதமான பசை எதற்கு? அடமானம் வைக்க வேண்டிய இடத்தில் கிரயம் எழுதிக்கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

சித்தாந்தத்துக்குச் சாட்சி மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டு அங்குள்ள பவளப் பார்களிலிருந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி வெட்டிக் கரையேற்றினார்கள். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கல் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்பதே ஆய்வாளர் கருத்து. இந்தக் கடலில்தான் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளை நடுகிறது. எப்படி நடுகிறார்கள் என்பது இக்கட்டுரைக்கு உயிர்நாடி. சிமெண்ட் பலகை வார்க்கிறார்கள். அதில் துண்டை வைத்து நைலான் கயிற்றால் கட்டுகிறார்கள். பலகைகளைக் கடலடியில் கான்கிரீட் சட்டங்கள்மேல் வைக்கிறார்கள். உலகத்தின் கூழ்ப்பசை முழுதும் கடைவீதியில் கிடைக்கும் காலத்தில், அலையும் சுழலும் உள்ள திறந்த கடலில், முடிச்சை நம்பியிருக்கிறார்கள். துண்டு கொஞ்ச நாளில் கயிற்றின்மேலேயே படர்ந்து அதை விழுங்கிவிடுகிறது. பவளத்தை உடைத்துச் சுண்ணாம்பாக்கிய கடற்கரையில், இப்போது சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்த சிமெண்டை வார்த்து அதில் பவளத்தைக் கட்டுகிறார்கள் என்பதைக் கரிக்காலியின் தரப்பில் குறித்துவைக்கலாம். இந்தோனேசியச் சாட்சியும் இதே திசையில் இருக்கிறது. அங்கே வெடிவைத்து மீன்பிடித்த இடங்களில் பவளச் சிதறல்கள் அலைக்கு உருண்டு உருண்டு பல்லாண்டு ஆகியும் பார் ஆகவில்லை. சுலவேசியில் மார்ஸ் நிறுவனத்தார் மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களைப் பரப்பி, அவற்றில் துண்டுகளைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிய பிறகே அவை தழைத்தன. 2021-இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட ‘ஹோப்’ என்ற எழுத்து வடிவப் பார் முழுக்க முழுக்கக் கட்டியதுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தை மறைப்பது நாகல் நகர் மரபல்ல, நேராகவே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் புளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் ஒரு பவளத்தைத் தொட்டியிலிருந்து நகர்த்தும்போது அது உடைந்தது. தொட்டியின் அடியில் சில சிற்றுயிர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு தங்கின. செத்திருக்கும் என்று விட்டுவிட்டவர் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அவை எதிர்பாராத வேகத்தில் படர்ந்திருந்தன. பவளத்தை நகத்தளவாகப் பொடித்து வளர்க்கும் முறை இந்த விபத்தில் பிறந்தது. இதுவரை கதை நமக்குச் சாதகம். யாரும் ஒட்டவில்லை, யாரும் கட்டவில்லை, அது தானே பற்றிக்கொண்டது. ஆனால் அதன் பிறகு அந்த நகத்தளவுத் துண்டுகளைப் பீங்கான் வில்லையில் நிறுத்த அவர்கள் பசையைத்தான் கையில் எடுத்தார்கள். பசைச் சமயத்தார் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். தட்டட்டும். நகத்தளவுத் துண்டுக்கு இடுப்பு இல்லை. இடுப்பில்லாததற்கு அரைஞாண் கட்ட முடியாது என்பதை நூல் சமயம் தாராளமாக ஒப்புக்கொள்கிறது. தட்டையாகப் படரும் இனத்துக்கும் பொடித் துண்டுக்கும் பசை. கிளைவிட்ட துண்டுக்கு நூல். இது தோல்வி அன்று, எல்லைப் பிரிப்பு.

அதைவிட நுட்பமான ஆட்சேபம் ஒன்றுண்டு. கென் நெடிமியர் 2007-இல் தொடங்கிய புளோரிடாப் பவள மீட்பு அறக்கட்டளை, பி.வி.சி. குழாய்களால் மரம் செய்து, கிளை கிளையாகத் தங்கூசி நரம்பில் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறது. தொங்கும் துண்டு நாள் முழுக்க ஊசலாடுகிறது. ஆனாலும் கொழுகொழுவென்று வளர்கிறது. அசையாதிருக்க வேண்டும் என்று மேலே சொன்னது என்ன ஆயிற்று? இங்கே சித்தாந்தத்தைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுத்தண்ணீரில் ஆடும் துண்டு எதன்மீதும் உரசுவதில்லை. அதன் தோல் கிழிவதில்லை. பாறைமேல் ஆடும் துண்டோ ஒவ்வொரு அசைவிலும் படர்ந்த தோலைத் தானே தேய்த்துக்கொள்கிறது. பற்றுவதற்கு முன் உரசாமல் இருக்க வேண்டும், அவ்வளவே விதி. ஊசலில் வளர்ந்த துண்டும் ஒருநாள் இறங்கிப் பாரில் குடியேறத்தான் வேண்டும். மேலும் அந்தப் புளோரிடா மரத்தில் தொங்குவது எதில் என்று பார்த்தால், அதுவும் நூலினம்தான். குஜராத்தின் மிதாப்பூர் கடலில் 2020 ஜனவரியில் இந்திய விலங்கியல் ஆய்வு மையம் இறக்கிய மூன்றாவது வழியும் உண்டு. இரும்புச் சட்டத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் கடலிலுள்ள கனிமங்கள் அதன்மேல் படிந்து, பவளத்துக்கு ஏற்ற கல்லாகும். மாதாமாதம் பராமரிப்பு மின்தடை அறிவிக்கும் மாநிலத்தில் வீட்டுத் தொட்டிக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

இனி நூலின்மேல் நேரடியாகச் சுமத்தப்படும் குற்றங்கள் இரண்டு. நூல் அறுக்கும் என்பது ஒன்று. நைலான் அறுக்கும், உண்மை; மெல்லுடல் பவளத்தில் தங்கூசி நரம்பைக் கட்டி இறுக்கினால் பாலாடையில் கம்பி இழுத்த கதைதான். அதனால்தான் இக்கட்டுரை நைலானுக்கு வாதாடவில்லை, பருத்திக்கு வாதாடுகிறது. பருத்தி தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் தடித்து, விளிம்பு மழுங்கி, தோலோடு இசைகிறது. இரண்டாவது குற்றம், பருத்தி மக்கிவிடும் என்பது. குற்றம் சாட்டுபவர் தம்மை அறியாமல் நூலுக்கு நற்சான்று எழுதுகிறார். மெல்லுடல் பவளம் பற்றிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், சிலதுக்கு இன்னும் கூடலாம். உப்புத் தண்ணீரில் பருத்தி அதற்கு மேல் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பிறகு இற்று உதிர்கிறது. வேலை முடிந்ததும் போய்விடும் வேலையாள் யாருக்குக் கசக்கும்? நெகிழியைக் கடலில் விடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் இல்லை. மெல்லுடல் இனங்களில் பசைக்காரர் வாதாடவே வருவதில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். அவை வெட்டுப்பட்டதும் கோழை கோழையாகச் சுரக்கும். அந்த வழவழப்பில் சயனோஅக்ரிலேட் சாயங்காலத்துக்குள் தோலோடு கழன்று வந்துவிடும். பசைச் சமயத்தவரே அப்போது மணப்பெண் முக்காட்டுக்கு வாங்கும் வலைத்துணியைத் தேடிப் போய்த் துண்டின் மேல் போர்த்தி ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். வலைத்துணி என்பது நெருக்கமில்லாத நூல்தானே.

கட்டும் முறையில்தான் சுங்குடிக் கை வேண்டும். துண்டின் அடியை ஒரு சிறு கல்லில் வைத்து, நூலைக் கல்லுக்கு அடியிலிருந்து கொண்டுவந்து, கிளை பிரியும் கவட்டுக்கு மேலாக ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. கிளையின் நுனிப் பக்கம் நூல் படக்கூடாது, வளர்ச்சி அங்கேதான். முடிச்சைக் கல்லின் அடிப்பக்கம் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் நண்டு அதைத் தின்பண்டம் என்று நினைத்துக் கிள்ளிக்கொண்டே இருக்கும். நூலை விரலால் மெல்லச் சுண்டினால் துண்டு அசையக்கூடாது. அதே சமயம் நூல் தோலுக்குள் இறங்கிக் கோடு விழவும் கூடாது. சாயம் உள்ளே போகாதபடியும் துணி நையாதபடியும் கிள்ளிக் கட்டும் கைக்கு இந்த இறுக்கம் கேட்காமலே தெரியும். நூல் தேர்வில் அறிஞர்கள் வேறுபடலாம். சாய நூல் கூடவே கூடாது, தொட்டி சிவக்கும். வெள்ளை நூலிலும் பாவு நூலை எடுக்கலாமா, ஊடை நூலை எடுக்கலாமா என்பதில்தான் விவாதம். பாவு நூல் முறுக்கும் உரமும் உள்ளது என்பர் ஒரு சாரார். ஆனால் தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அந்தக் கஞ்சி தொட்டியில் கரைந்தால் பாக்டீரியாவுக்கு விருந்து, தண்ணீர் கலங்கல், ஸ்கிம்மர் பொங்கல். அதை வெந்நீரில் இரண்டு தடவை அலசி எடுத்துப் பாவையே கட்டலாம் என்பது அவர்கள் பதில். ஊடைக்குக் கஞ்சி கிடையாது. ராட்டையில் சுற்றிய தாரிலிருந்து உருவி, நாலு இழையைச் சேர்த்து முறுக்கி, அப்படியே கட்டிவிடலாம். இக்கட்டுரையாளர் ஊடை கட்சி.